தண்ணீர் புகுந்த போன், லேப்டாப்: பழுது பார்ப்பது வீண் செலவா?

வண்ணார்பேட்டை வாசகர்:
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தண்ணீர் புகுந்த போனுக்கும் லேப்டாப்புக்கும் செலவழிப்பது அளக்காமல் போடும் பணம் என்பது என் உறுதியான கருத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே திருநெல்வேலியில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி எங்கள் பகுதிக்குள் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்ததும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் எந்தக் கடைக்குப் போனாலும் நனைந்த செட்டுகளோடு ஆட்கள் நின்றார்கள். எங்கள் தெருவிலும் பலர் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் சுத்தம் செய்தார்கள், ஓட வைத்தார்கள், காசு வாங்கினார்கள். கோடை பிறப்பதற்குள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ஒன்றில் சார்ஜ் ஏறவில்லை. ஒன்றில் பேசினால் எதிர்முனைக்குக் குரல் போகவில்லை. ஒரு லேப்டாப் சார்ஜர் மாட்டியவுடன் புகைந்தது. திரும்பப் போய்க் கேட்டால் ஒரே பதில்: "தண்ணீர் போன செட்டுக்கு கியாரண்டி கிடையாது." கியாரண்டி சொல்ல முடியாத வேலைக்குக் கூலி எதற்கு? கம்பெனி சர்வீஸ் சென்டரில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். விலை கூடுதல்தான். ஆனாலும் அதுவே நாணயமான பதில்.

பாளை போர்டு மெக்கானிக்:
அண்ணாச்சி சொல்வதெல்லாம் நடந்தவை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த செட்டுகள் படுத்ததற்குக் காரணம் அரைகுறை வேலை.

போர்டைத் தின்பது தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த கூட்டு. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆற்று நீரிலும் குழாய் நீரிலும் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். போன் பேட்டரியிலோ சுமார் 3.7 வோல்ட் இருக்கிறது. லேப்டாப் சார்ஜரில் பெரும்பாலும் 19, 20 வோல்ட் வருகிறது. நனைந்த போர்டில் பேட்டரி இணைந்திருக்கும்வரை பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து நெகட்டிவ் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். போனை அணைத்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அணைந்த போனிலும் போர்டின் சில செம்புத் தடங்களில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கிறது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புரியும். சார்ஜிங் கனெக்டருக்குப் பக்கத்தில் கடுகை விடச் சிறிய கெப்பாசிட்டர் என்ற பாகம் ஒன்று. அதன் ஒரு முனையில் ஈயம் பளபளவென்று இருக்கும். மறுமுனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு ஏறியிருக்கும். பிரஷ்ஷால் மெல்லத் தொட்டால் பொருக்கோடு கெப்பாசிட்டரும் கையோடு வந்துவிடும். அடியில் இருந்த செம்புத் தடம் காணாமல் போயிருக்கும். இந்த நிலையில் செட்டை ஆன் செய்து, "ஓடுகிறது பாருங்கள்" என்று கொடுத்தால் அது எத்தனை நாள் ஓடும்?

வெள்ள நேரத்தில் பல மேசைகளில் நடந்தது இதுதான்: தின்னர் தொட்ட பிரஷ்ஷால் மேலாகத் தேய்த்தார்கள், ஹாட் ஏர் காட்டினார்கள், மூடினார்கள். ஐசிகளின், அதாவது சிப்களின், மேல் இருக்கும் தகர ஷீல்டைக் கழற்றவே இல்லை. சேறும் சாக்கடையும் கலந்த ஈரம் அதற்கு அடியிலேயே தங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு பழுது பார்க்கும் தொழிலையே வீண் என்று சொல்வது நியாயமா?

குற்றாலச் சாரல்:
எங்கள் ஊரில் சீசனுக்கு வருகிறவர்களில் போனை நனைக்காதவர் குறைவு. ஒரு இரவு அரிசிக்குள் புதைத்து வைத்தால் காலையில் ஓடுகிறது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மைக்ரோஸ்கோப் எல்லாம் தேவைதானா?

பாளை போர்டு மெக்கானிக்:
அருவி நீரில் உப்பு குறைவு. அதனால் உங்கள் ஊரில் பல போன்கள் தப்பிக்கின்றன. பெயரை அரிசி வாங்கிக்கொள்கிறது. மூடிய போனுக்குள் ஷீல்டுக்கு அடியில் இருக்கும் ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசி எப்படி இழுக்கும்? தவிடும் குருணையும் சார்ஜிங் துளைக்குள் போய் அடைப்பதுதான் மிச்சம். ஆப்பிள் நிறுவனமே 2024 தொடக்கத்தில் போனை அரிசியில் வைக்காதீர்கள் என்று தன் உதவிக் குறிப்பில் எழுதியது. வெளியிலிருந்து சூடு காட்டவும் வேண்டாம், காற்றுப் பீய்ச்சவும் வேண்டாம் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. அரிசியில் கிடக்கும் அந்த இரவு முழுவதும் பேட்டரி இணைப்பிலேயே இருக்கிறது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

கடையம் ஆசிரியை:
மெக்கானிக் தம்பிக்கு ஒரு கேள்வி. என் அக்காள் மகனின் லேப்டாப் கீபோர்டில் பதநீர் கொட்டிவிட்டது. வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. வெளிக்கடையில் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். வாரண்டியில் திரவச் சேதம் சேராது, மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று புது லேப்டாப்புக்கு நெருக்கமான தொகையைச் சொல்கிறார்கள். தண்ணீர் புகாத ஐபி68 தரம் என்று விளம்பரம் செய்கிற போன்களுக்கும் இதே பதில்தானா? முதலில் கம்பெனிக்குப் போவதுதானே முறை?

பாளை போர்டு மெக்கானிக்:
வாரண்டி காலத்தில் முதலில் அங்கே கேட்பது முறைதான் டீச்சர். தனியாகத் தற்செயல் சேத இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் எங்களிடம் வரவே கூடாது. திறக்காமல் அங்கே கொடுங்கள். அது இல்லையென்றால் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுங்கள். ஐபி68 சோதனை புதுப் போனில், நன்னீரில் நடக்கிறது. பசையும் ரப்பரும் நாளாக ஆகத் தளரும். கீழே விழுந்து லேசாக வளைந்த போனுக்கு அந்த எண் பொருந்தாது.

பதநீர் தண்ணீரை விட மோசம். அதில் சர்க்கரை இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் காரத்தன்மையும் இருக்கிறது. உலர்ந்தால் பிசினாக இறுகி, காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கும். கொட்டியவுடன் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணைத்து, கீபோர்டு கீழே பார்க்க லேப்டாப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதன் பிறகு அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதுதான் முக்கியமான வேலை. கீபோர்டு பெரும்பாலும் போய்விடும், அதற்கு விலை இருக்கிறது. போர்டைக் கழுவிப் பார்க்காமல் மாற்றச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டவுன் சர்வீஸ்:
நானும் இதே தொழில். கழுவு கழுவு என்று பொதுவில் எழுதாதீர்கள். படிப்பவர் வீட்டுக் குழாயில் காட்டிவிட்டு நம்மிடம் வந்து நிற்பார். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒன்றே போதும். அதை விட்டு போர்டில் தண்ணீர் ஊற்றுவது என்னால் ஏற்க முடியாத முறை. ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு மைக்கையும் கேமராவையும் கெடுத்த செட்டுகள் என் மேசைக்கு வருகின்றன.

பாளை போர்டு மெக்கானிக்:
வீட்டில் செய்யாதீர்கள் என்பதை நானும் கைகூப்பிச் சொல்கிறேன். தொட்டியில் வெறும் போர்டைத்தான் போட வேண்டும். மைக், ஸ்பீக்கர், கேமரா, டிஸ்ப்ளே, பேட்டரி எதுவும் போகக் கூடாது. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆல்கஹால் மட்டும் போதும் என்பது தவறு அண்ணாச்சி. சீனியும் உப்பும் 99 சதவீத ஆல்கஹாலில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள், அடியில் அப்படியே கிடக்கும். உப்பையும் சர்க்கரையையும் எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த டிஸ்டில்டு வாட்டர். போர்டு தயாராகும் தொழிற்சாலைகளிலேயே ஈயப் பற்றவைப்புக்குப் பூசும், நீரில் கரையும் பிளக்ஸைப் போக்க உப்பு நீக்கிய நீரால் கழுவுகிறார்கள். கழுவிய பிறகு மிஞ்சும் நீரை விரட்டத்தான் ஆல்கஹால். அது 82 டிகிரியில் கொதிக்கிற பொருள், சீக்கிரம் ஆவியாகிவிடும். மின்சாரம் இல்லாத போர்டைத் தண்ணீர் அந்த நேரத்துக்குள் ஒன்றும் செய்யாது.

டவுன் சர்வீஸ்:
கடல் நீருக்கும் பதநீருக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் அடியில் பசை ஊற்றி ஒட்டிய ஐசிகளுக்குள் புகுந்த தண்ணீர் ஆல்கஹாலால் முழுவதும் வெளியே வரும் என்பதை நான் நம்பவில்லை. மழையில் நனைந்து வரும் போனுக்கு என் மேசையில் தண்ணீர் கிடையாது.

உவரிக்காரர்:
நானும் கேட்க வேண்டியிருக்கிறது அண்ணாச்சிமாரே. எனக்குப் போன் வேண்டாம். நேற்று வலை இழுக்கும்போது கடலில் விழுந்தது, வலையின் மடியோடு வந்துவிட்டது. அதில் எங்கள் அப்பா காலத்திலிருந்து நாங்கள் பார்த்து வைத்த பார்களின் (மீன் கூடும் கடலடிப் பாறைகளின்) ஜிபிஎஸ் புள்ளிகள் இருக்கின்றன. வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. அவை கிடைத்தால் போதும். மெமரி ஐசியை மட்டும் கழற்றி எடுத்துவிட முடியாதா?

வண்ணார்பேட்டை வாசகர்:
இதைத்தான் நான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் தகவலுக்காகச் செலவழிப்பது வேறு. மறுபடி அன்றாடம் பயன்படுத்தச் செலவழிப்பது வேறு. முதலாவதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை. இரண்டாவதற்கு இப்போதும் மறுப்புதான். நனைந்த லித்தியம் பேட்டரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்க நான் தயாராக இல்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கவும் மாட்டேன்.

தம்பி, உங்கள் வேலை நல்ல வேலை என்றே வைத்துக்கொள்வோம். அதை வாடிக்கையாளர் எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் தெருவில் ஒருவர் கையிலும் பில் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் கையில் ஒரு தாள் வேண்டாமா? ஷீல்டைக் கழற்றினீர்களா, எதைக் கழுவினீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் கடை ஒன்றைக் காட்டுங்கள்.

பாளை போர்டு மெக்கானிக்:
பேட்டரி விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது முழுக்கச் சரி. உப்பு நீர் பட்ட பேட்டரியையும் உப்பிய பேட்டரியையும் நான் திரும்பப் பொருத்துவதில்லை, வாடிக்கையாளர் கெஞ்சினாலும். தாள் விஷயத்தில் என் கடையில் கழுவுவதற்கு முன்னும் பின்னும் போர்டைப் படம் எடுத்து, மாற்றிய பொருளை பில்லில் எழுதிக் கொடுக்கிறேன். ஓடவில்லையென்றால் திறந்து பார்த்த கூலி மட்டும். மற்றக் கடைகளும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் நான் உங்கள் பக்கம். அதற்காக, ஷார்ட் ஆன ஒரே ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடக்கூடிய லேப்டாப்பைக் கல்லூரிப் பிள்ளை குப்பையில் போட வேண்டும் என்றால் எதிர்ப்பேன். புது லேப்டாப்புக்கு அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.

உவரி அண்ணாச்சிக்கு: மெமரி ஐசியைக் கழற்றிப் படிப்பது பழைய போன்களோடு போயிற்று. இப்போதைய போன்களில் தகவல் பூட்டி எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டின் சாவி அதே போர்டின் பிராசசரோடு பிணைந்தது. தனி ஐசியில் இருப்பது வெறும் குப்பை எழுத்து. போர்டையே உயிர்ப்பிக்க வேண்டும், ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தாலும் போதும், புள்ளிகளை வெளியே எடுத்துவிடலாம். கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் நாளை, மறுநாள் என்று வைக்காதீர்கள். பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜரில் மாட்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். உலர்ந்தால் உப்பு படிகமாகி ஐசியின் கால்களுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும். வள்ளியூரிலோ திசையன்விளையிலோ பேட்டரி கனெக்டரைக் கழற்றத் தெரிந்தவர் இருந்தால் முதலில் அதை மட்டும் செய்யச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

உவரிக்காரர்:
திசையன்விளையில் நம்ம பையன் ஒருவன் கடை வைத்திருக்கிறான், கழற்றிவிடுவான். மத்தியானத்துக்குள் பாளை வந்துவிடுவேன்.

பாளை போர்டு மெக்கானிக்:
வாருங்கள். திரைப் பூட்டின் பின் நம்பர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? போர்டு உயிர் பெற்றாலும் அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

வண்ணார்பேட்டை வாசகர்:
உவரி அண்ணாச்சி, அந்த நம்பரை யாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். போனில் வங்கிக் கணக்கும் இருக்கும். வேலை முடியும்வரை கடையிலேயே உட்கார்ந்திருங்கள்.

பாளை போர்டு மெக்கானிக்:
நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். கேட்கும்போது நீங்களே அழுத்துங்கள். புள்ளிகளை ஏற்ற ஒரு மெமரி கார்டும், தாளில் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள்.