மெல்லிய கர்சிவ் எழுத்து தங்க ஃபாயிலில் அறுந்துபோகிறது

மைத்துளி:
திருமண அழைப்பிதழ், 5×7 அங்குலம், அரக்கு நிறச் சொரசொரப்பு அட்டை. மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில் பின்யான் ஸ்கிரிப்ட் என்ற கர்சிவ் (கோத்தெழுதும் பாணி) எழுத்துரு, 24 பாயின்ட், தங்க ஃபாயில் (சூடான அச்சால் அழுத்தி ஒட்டும் பளபளப்புத் தாள்). மாதிரியில் இறங்குகோடுகள் (பேனா கீழே இறங்கும் தடித்த கோடுகள்) பளிச்சென்று விழுகின்றன, ஏறுகோடுகள் (மேலே ஏறும் மெல்லிய கோடுகள்) ஆங்காங்கே அறுந்திருக்கின்றன. சில எழுத்துகள் சேரும் இடத்திலும் இடைவெளி. கீழே தமிழில் பெயர் போட எந்த எழுத்துரு பொருந்தும்?

அச்சுக்கோர்ப்பவர்:
கோட்டின் கனம் போதவில்லை. கூர்முனைப் பேனாவில் எழுதும் பாணி இது. அழுத்தினால் முனை விரியும், மேலே ஏற்றும்போது அழுத்தமே இருக்காது. கணக்கு எளிது: 1000 அலகு உயரத்தில் ஏறுகோடு 15 அலகு என்று வையுங்கள். 24 பாயின்டில் அது 0.36 பாயின்ட், அதாவது 0.13 மி.மீ. ஃபாயிலுக்குக் குறைந்தது 0.25 மி.மீ. வைத்துக்கொள்வது நல்லது, சொரசொரப்பு அட்டைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம். சூட்டை ஏற்றி ஈடுகட்டப் பார்த்தால் ‘e’, ‘l’ சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பெயரை 36 பாயின்டுக்கு ஏற்றுங்கள். அதன்மேல் அதே நிறத்தில் 0.2 பாயின்ட் ஸ்ட்ரோக் (எழுத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் கோடு), முனை வட்டமாக. மொத்தம் 0.26 மி.மீ. வரும். 24-லேயே நிறுத்தி ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டினால் எழுத்தின் நளினம் போய்விடும்.

வளைகோடு:
இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் கர்னிங் (அடுத்தடுத்த இரு எழுத்துகளின் இடைவெளி அமைப்பு) ‘ஆப்டிகல்’ என்று, அதாவது மென்பொருளே கணிக்கும்படி, இருப்பதுதான். எழுத்துருவில் உள்ள இடைவெளியையே எடுக்கும் ‘மெட்ரிக்ஸ்’ ஆக்குங்கள், டிராக்கிங் (எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான இடைவெளி) 0. கர்சிவில் எழுத்துகளுக்கு இடையே அகலப்படுத்தினாலே இணைப்பு விட்டுப்போகும். முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் போடவே கூடாது, சுழிகள் ஒன்றோடொன்று மோதும். கடைசியாக அவுட்லைன் ஆக்கி (எழுத்தை வடிவமாக மாற்றி), ஸ்ட்ரோக்கை எக்ஸ்பாண்ட் செய்து (அதையும் வடிவமாக்கி), பிறகு யுனைட் (எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைப்பது). யுனைட்டை விட்டுவிட்டால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் பிளாக்கில் (ஃபாயிலை அழுத்தும் உலோக அச்சில்) ஓட்டையாக வரலாம்.

உயிர்மெய்:
தமிழுக்கு: நேர் எழுத்தைச் சாய்த்துக் கர்சிவ் ஆக்க முயலாதீர்கள். நம் எழுத்துகள் கோத்து வருபவை அல்ல. சாய்த்தால் சுழிகள் நசுங்கி, ‘ண’, ‘ஞ’ கோணலாகும். சாய்வு வேண்டுமென்றால் கவிவாணர் என்ற எழுத்துரு இருக்கிறது, கையெழுத்துச் சாயலிலேயே வரைந்தது. ஆனால் இந்த மெல்லிய கோட்டுக்குப் பக்கத்தில் அது கனமாகத் தெரியும். என் தேர்வு நோட்டோ செரிஃப் தமிழ், லைட், 18 பாயின்டுக்குள். கர்சிவின் சிறிய எழுத்துகள் குள்ளமானவை, அதனால் ஒரே அளவில் வைத்தால் தமிழ்தான் பெரிதாக நிற்கும். இன்டிசைன் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) பயன்படுத்தினால் அதில் இந்திய மொழிகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும்.

மைத்துளி:
நன்றி. நாள், இடம், நேரமும் இதே கர்சிவில் வரலாமா?

அச்சுக்கோர்ப்பவர்:
வேண்டாம். 9 பாயின்டில் அதே ஏறுகோடு 0.05 மி.மீ. கூட இருக்காது. விவரங்களை உள்தாளில், சாதாரண செரிஃப் எழுத்தில், ஒரே மையில் 100 சதவீதமாக அடியுங்கள். 60 சதவீத டின்ட் (மையின் வெளிறிய சாயல்) கொடுத்தால் கோடு புள்ளிகளாக உடையும், பெரியவர்களால் மண்டபத்தின் பெயரையே படிக்க முடியாது.