புதுப்பிப்பு: டாக்காவிலிருந்து தம்பி பேரணாம்பட்டு வந்துவிட்டான்

வங்கதேசத்தில், டாக்காவை அடுத்த சவாரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தம்பியிடமிருந்து தகவலே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டான். விசாரித்த அனைவருக்கும் நன்றி.

மாணவர் போராட்டத்தின்போது, 2024 ஜூலை 18 இரவு அங்கே இணையம் அடியோடு நின்றது. மறுநாள் நள்ளிரவு முதல் ஊரடங்கு. நாங்கள் இங்கே பதறிக்கொண்டிருக்க, அவனை அங்கே வாட்டியது கையில் காசு இல்லாததுதான். செல்போனில் பணம் செலுத்த வழியில்லை, ஏடிஎம்மில் நோட்டு இல்லை. அவன் அறையின் மின்மீட்டர் முன்பணம் கட்டி ஓட்டுவது. பணம் தீர்ந்ததும் விளக்கும் மின்விசிறியும் நின்றுவிட்டன. மின் அலுவலக வாசலில் வெயிலில் வரிசையில் நின்று கட்டியிருக்கிறான். அரிசியும் முட்டையும் முன்பே வாங்கி வைத்திருந்தது பெரிய புண்ணியம்.

வெளியே நடமாட வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் சொன்னதை அப்படியே கேட்டான். கூட்டம் பார்க்க மாடிக்குக்கூடப் போகவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அகௌரா எல்லை வழியாக அகர்தலா, அங்கிருந்து சென்னை, காட்பாடி.

நம் வட ஆற்காட்டுப் பிள்ளைகள் பலர் தோல் வேலைக்கு வெளிநாடு போகிறார்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தூதரக எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள். செல்போன் அணைந்தால் அதுதான் கைகொடுக்கும்.

அவனுக்குச் சம்பள பாக்கி இருக்கிறது. வெளிநாட்டில் சிக்கலில் இருக்கும் இந்தியர்களின் குறைகளைப் பதிவு செய்யும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் மனு போடுகிறோம். அனுபவமுள்ளவர்கள் எந்த ஆவணங்களை இணைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.