மறு: நீர்மூழ்கி மாதிரியின் பக்கத் துளைகளுக்குச் சொல் – "நீர்க்கண்"

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய பிளாஸ்டிக் நீர்மூழ்கி மாதிரிகளைச் சீர்திருத்திக் காட்சிக்கு வைப்பதற்கான கையேட்டுக்குச் சொற்கள் தேடிவருகிறோம். நீர்மூழ்கியின் பக்கத்தில் கடல்நீர் வந்துபோக விடும் துளைகளை ஆங்கிலத்தில் "லிம்பர் ஹோல்", "ஃப்ளட் ஸ்லாட்" என்கிறார்கள்; இரண்டுக்கும் தமிழில் இன்னும் முடிவு எட்டவில்லை. ஒரு பழைய மாதிரியின் தோற்றம் மாறுவதும் மாறாததும் பெரும்பாலும் இந்தத் துளைகளைப் பொறுத்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய டைப் 7சி நீர்மூழ்கியின் நீளம் 67.1 மீட்டர். ஆட்களும் எந்திரங்களும் இருப்பது தடித்த எஃகால் ஆன அழுத்தக்கூட்டுக்குள். அதன் மேல் மெல்லிய தகட்டால் ஒரு மேற்கூடு கட்டி, அதன்மீது மரப்பலகை பாவியிருப்பார்கள். மேற்கூடு நீர்புகா அறை அன்று. கலம் மூழ்கும்போது பக்கத் துளைகள் வழியாகக் கடல் உள்ளே வரவேண்டும். உள்ளிருக்கும் காற்று பலகை இடுக்குகள் வழியாக வெளியேற வேண்டும். காற்று தங்கிவிட்டால் கலம் எளிதில் அமிழாது. விமானத்தைக் கண்டதும் அரை நிமிட அளவில் மறைந்தாக வேண்டிய கலத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. மேலே எழும்போது அதே துளைகள் வழியாக நீர் கொட்டும்.

இனி, குழுவில் இதுவரை வந்த முன்மொழிவுகள்.

> வெள்ளத்துளை என்றே சொல்லலாமே. நேரான மொழிபெயர்ப்பு.

ஐயா, தமிழில் வெள்ளம் என்றால் ஏரி உடைந்த செய்தி. இங்கே நீர் வருவது சேதம் அன்று, கலத்தை வடிவமைத்தவரின் விருப்பம். இந்தச் சொல்லைப் படிக்கும் மாணவர் கப்பலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றே எண்ணுவார்.

> வடிதுளை போதும். எளிமையாக இருக்கிறது.

எளிமையானதுதான், ஆனால் பாதிப் பொருள்தான் வருகிறது. வடிவது கலம் எழும்போது. போர்க்காலத்தில் முக்கியமானது நீர் புகுவது. "செவுள்" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் செவுள் மூச்சுக்கானது; காற்றுப் போக்கிகளுக்கு அதை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

என் முன்மொழிவு "நீர்க்கண்". பாலத்திலும் மதகிலும் நீர் கடக்கும் ஒவ்வொரு திறப்பையும் நாம் கண் என்றுதான் எண்ணுகிறோம். ஐந்துகண் மதகு என்கிறோம். செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் பதின்மூன்று கண் பாலம் இருக்கிறது. வரிசையாக அமைந்த திறப்பு என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே ஊறியிருக்கிறது. நீர் எந்தப் பக்கம் ஓடினாலும் கண் கண்தான். கலம் மூழ்க நீரை நிரப்பும் மிதவைத் தொட்டிகளில் திறந்து மூடும் வால்வுகளுக்கு "மதகு" என்பதை ஒதுக்கிவிட்டால் இரண்டும் குழம்பாது.

கலைச்சொல் தனியாக நின்றால் போதாது, கிளைக்கவும் வேண்டும். நீர்க்கண் வரிசை, கண்ணளவு, கண்ணிடைவெளி எல்லாம் தடையின்றி வருகின்றன. இவை வெறும் அலங்காரம் அல்ல. டைப் 7சி கலங்களில் கண் வரிசையின் அமைப்பு கப்பல் கட்டிய தளத்துக்குத் தளம் மாறும். நீங்கள் செய்யும் கலம் எந்தத் தளத்தில் கட்டியது என்று பார்க்காமல் மாதிரிப் பாகங்கள் வரும் பெட்டியில் உள்ளபடியே விட்டால், கலத்தின் மேல் எழும் கோபுரத்தில் ஒட்டும் சின்னம் ஒரு கலத்தையும் உடல் வேறொரு கலத்தையும் காட்டும். ஜெர்மனியில் கீல் நகருக்கு அருகே லாபோ கடற்கரையில் யூ-995 என்ற நீர்மூழ்கி இன்றும் நிற்கிறது. அதன் படங்களைப் பார்த்துக் கண்களை எண்ணலாம்; ஆனால் அது ஹாம்பர்க்கில் புளோம் உண்டு ஃபோஸ் நிறுவனம் கட்டிய, 7சி-யிலிருந்து சற்று மாறிய 7சி/41 வகை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பழைய பெட்டிகளில் நீர்க்கண்கள் துளைகளாகவே இருப்பதில்லை. அச்சில் வெறும் பள்ளமாக வார்த்திருப்பார்கள். இதற்கு "பொய்க்கண்" என்று பெயரிடலாம். பொய்க்கால் குதிரை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பொய்க்கண்ணைத் துளையாக்கும் வேலைக்குக் "கண் திறத்தல்". சிற்பிகளிடம் ஏற்கெனவே இருக்கும் சொல். சிலையில் கண் திறப்பது கடைசிச் சடங்கு. இங்கோ முதல் வேலை. மாதிரி உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் உட்புறத்தைக் கை எட்டாது.

முறையையும் எழுதிவிடுகிறேன், கையேட்டில் சேர்க்கலாம். வெளியிலிருந்து மட்டும் துளையிட்டால் போதாது. 1/125 அளவு மாதிரியில் பிளாஸ்டிக் சுவர் 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை அளவில் அது ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் தடிமன். கடலின் அழுத்தம் முழுவதையும் தாங்கும் அழுத்தக்கூடே 7சி-யில் 18.5 மில்லிமீட்டர்தான்! துளையின் விளிம்பில் அந்தத் தடிமன் தெரிந்தால் எவ்வளவு நல்ல வண்ணமும் அதை மறைக்காது. ஆகவே உட்புறத்தில், கண் வரிசைக்குப் பின்னால், சுவரைச் சீவி உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். பொறுமையாகத் தேய்த்தால் பல கண்கள் தாமாகவே திறந்துகொள்ளும். மற்றவற்றைக் கைத்துளைப்பானால் இரு முனையிலும் துளைத்து, இடையைக் கத்தியால் வெட்டி, ஊசி அரத்தால் நேராக்கலாம். இந்த உட்சீவலுக்குப் "பின்மெலித்தல்" என்பது என் யோசனை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை.

திறந்த கண் வழியே மறுபக்கத்து வெளிச்சம் தெரியக்கூடாது. வளைந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை உள்ளே பொருத்தி மங்கிய கறுப்புப் பூசினால் அழுத்தக்கூட்டின் முதுகு நிழலாகத் தெரியும். ஒட்டுவரிக்குப் பட்டி பார்க்கும்போது கண்களுக்குள் பட்டி போகாமல் காக்கவும். துருக்கறையைக் கண்ட இடத்தில் தீட்டுகிறார்கள். நீர் வடிவது கண்ணின் கீழ்விளிம்பிலிருந்து, கறையும் அங்கேயே தொடங்க வேண்டும். வண்ணம் பற்றித் தனி மடலில் பேசுவோம்.

ஒரு வேண்டுகோள். லிம்பர் ஹோல் என்பது மரக்கலக் காலத்துச் சொல். கலத்தின் அடியில் சேரும் நீர் ஓரிடத்துக்கு ஓடிவர, குறுக்குச் சட்டங்களில் விடும் துளைக்கு அந்தப் பெயர். நம் கடற்கரைகளில் மரப்படகும் தோணியும் கட்டும் ஓடாவிமார் இதே துளையைக் கட்டாயம் ஏதோ ஒரு பெயரால் அழைப்பார்கள். கடலூர், தூத்துக்குடி, வல்வெட்டித்துறைப் பக்கத்து நண்பர்கள் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் நீர்க்கண்ணை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதுவரை கையேட்டின் வரைவில் இதையே இட்டுவைக்கலாமா என்று குழு சொல்லட்டும்.

அன்புடன்.