உதவிக்கு வந்த பிள்ளைகள்: நம்ம நெல்லைச் சீமையில் கண்டதை எழுதுங்க

சிந்துபூந்துறைக்காரன்:

2023 டிசம்பர் 18. அந்த நாளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ஆற்றோரத்தில் இருக்கிற எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்தத் தண்ணீர்க் கோடு இருந்திருக்கும். எங்கள் தெருவில் காலை 7 மணிக்கு முழங்கால் அளவு, 9.30-க்கு மார்பளவு. அம்மாவுக்கு 71 வயது, மூட்டுவலி. எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டால் போதும், நடுவில் 12 அடித் தெருதான். அந்த 12 அடியில் தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது.

லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களின் பையன் ஒன்பதாம் வகுப்பு, ஸ்கவுட்டில், அதாவது சாரணர் படையில் இருந்தான். "நான் கட்டுதேன் மாமா" என்று இறங்கி வந்தான். சரி என்று விட்டுவிட்டோம்.

அம்மாவின் கக்கத்துக்குக் கீழே கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டான். இழுத்துப் பார்த்தான். முகம் மாறியது. அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, இவன் அவிழ்க்கிறான்! கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். எனக்குக் கேட்டது 'முயல்' என்கிற ஒரு சொல்தான். "விளையாடுத நேரமால இது, கட்டித் தொலைல!" என்று கத்திப் பிடதியில் ஒரு அடி வைத்துவிட்டேன்.

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது இறுகுத முடிச்சு மாமா, இழுத்தா ஆச்சிக்கு மூச்சு முட்டிரும்" என்றான். சொல்லும்போதே விரல் வேலை செய்துகொண்டிருந்தது. நகத்துக்குள் சேறு, தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அந்த விரல்கள்தான் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன.

அம்மா பத்திரமாக மாடி ஏறினாள். பொங்கலுக்கு முன்னால் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிப் போய்விட்டது. அடித்ததற்கு அவனிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அந்த முயல் என்னவென்றும் கேட்கவில்லை.


டவுன்காரி:

படித்ததும் மனசு என்னவோ போல ஆகிவிட்டது. நானும் எழுதிவிடுகிறேன்.

2003 ஆனித் தேரோட்டம். நான் எட்டாம் வகுப்பு, கைட்ஸ், அதாவது பெண் பிள்ளைகளுக்கான ஸ்கவுட். வாகையடி முக்கில் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். வெளிர்நீல உடுப்பு, கழுத்தில் ஸ்கார்ஃப். நாலு வயது இருக்கும், ஒரு பெண்குழந்தை, ஒரு காலில் மட்டும் கொலுசு, வந்து என் ஸ்கார்ஃப் நுனியைப் பிடித்துக்கொண்டது. பேர் கேட்டால் சொல்லவில்லை. ஊர் கேட்டாலும் சொல்லவில்லை. தொலைந்த பிள்ளைகளைப் போலீஸ் பந்தலில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று டீச்சர் காலையில் மூன்று தடவை சொல்லியிருந்தார். பந்தல் 50 அடி தூரம்தான்.

அந்த நேரம் பார்த்துத் தேர் நகர்ந்தது. நாலு ரத வீதியில் நின்றவர்களுக்குத் தெரியும், வடத்தில் கை வைத்தவர்கள் ஒரு பக்கம் இழுக்க, கூட்டம் நம்மை இன்னொரு பக்கம் தள்ளும். ஒருத்தர் வந்து "எங்க அக்கா பிள்ளைதாம்மா இது" என்று தூக்கினார். குழந்தை அழவில்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. ஸ்கார்ஃபை மட்டும் விடவில்லை. நான்தான் அதன் விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

பிள்ளையைக் காணோம் என்று ஏதாவது வருகிறதா என்று அதற்கப்புறம் ஒரு வாரம் பேப்பர் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மாமாவாகத்தான் இருந்திருப்பார். ஆனால் என் மகளுக்கு நாலு வயது ஆன வருஷம் எனக்குத் தூக்கமே இல்லை.


பாளை வாசி:

சகோதரி, திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தில் என் மகனும் 10 நிமிஷம் தொலைந்து கிடைத்தான். என் கதை அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

முதலாவது, திருவிழாவுக்குக் கிளம்பும் முன்பே பிள்ளையின் கையில் அப்பா அம்மா செல் நம்பரை எழுதிவிடுங்கள். பெரிய விழாக்களில் போலீஸ்காரர்களே குழந்தைகள் கையில் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள், வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். இரண்டாவது, தொலைந்த பிள்ளையைத் தேடி யார் வந்தாலும், வந்தவரிடம் "இது உங்க பிள்ளையா" என்று கேட்கக் கூடாது. ஆமாம் என்றுதான் சொல்வார். குழந்தையிடம்தான் "இது யாரு?" என்று கேட்க வேண்டும். பேசாத குழந்தை என்றால் அதன் முகத்தையும் கையையும் பார்க்க வேண்டும், தெரிந்த ஆள் என்றால் தாவும். மூன்றாவது, தாவினாலும் தனியாக ஒப்படைக்காதீர்கள், நாலு பேர் முன்னால் போலீஸ் பந்தலில் வைத்துத்தான். பேர், விலாசம் எழுதி வாங்குவார்கள், கையில் செல் இருந்தால் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது, 1098. குழந்தைகளுக்கான இலவச உதவி எண். இதைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் பண்ணிக் கொடுங்கள். ஐந்தாவது, அப்பா அம்மாவைக் காணோம் என்றால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கப் பழக்குங்கள். என் மகன் கிடைத்ததே அதனால்தான், வளையல் கடை முன்னாலேயே நின்றான்.


டவுன்காரி:

நீங்கள் சொன்னது எல்லாம் சரிதான் அண்ணாச்சி. அன்றைக்கு எனக்கு 13 வயது. குழந்தை தாவவில்லை என்பதை அப்போதே பார்த்தேன். அதுதான் என் பிரச்சினையே.


செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணி:

சீருடை போட்ட பிள்ளைகளைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் கண்ட பிள்ளைகளிடம் ஸ்கார்ஃப் கிடையாது, விசில் கிடையாது, கட்டியிருந்தது நனைந்த கைலி.

டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலில் நானும் மனைவியும் இருந்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பேர். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள், மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே கிடந்தோம். சுற்றிலும் கடல் மாதிரித் தண்ணீர். 19-ந் தேதிதான் வெளியே வந்தோம். அதுவரைக்கும் வயிற்றை நனைத்தது புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரிலேயும் வெள்ளம்தானே? வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து ஆக்கிப் போட்டார்கள்.

சோறு பரிமாறிய ஒரு பையனுக்கு 18, 19 வயது இருக்கும். நான் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினேன். பசி. "வாங்கிக்கோங்க அண்ணாச்சி" என்று சுரண்டிப் போட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், அவன் சுவர் ஓரமாகக் குத்தவைத்து, காலிப் பானைக்குள் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு, ஒட்டியிருந்த பருக்கையை அலசி, அதைக் குடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் சாப்பாடு அதுதான். நான் வாங்கிய இரண்டாவது தட்டு அவனுடையது.

சான்றிதழுக்கும் பேட்ஜுக்கும் செய்கிறதா தொண்டு? பள்ளிக்கூடத்தில் ஸ்கவுட் என்று சேர்த்து அணிவகுப்பில் வெயிலில் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். உதவி என்பது ஊரில் இருந்து வர வேண்டும்.


அம்பை மாணவி:

சீருடைச் சண்டைக்கு நான் வரவில்லை. எங்களுக்கு என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்), ஒரு தொப்பியும் கையுறையும் மட்டும்.

பாபநாசம் படித்துறையில் துணி எடுத்தோம். காரியம் முடித்தவர்களும் பரிகாரம் செய்தவர்களும் ஆற்றில் விட்டுப் போகிற துணி. வெளியே நின்று பார்த்தால் தெரியாது, உள்ளே இறங்கினால் கால் வைக்கிற இடமெல்லாம் சேலை. பாறை இடுக்கில் வேர் மாதிரிப் பின்னிக் கிடக்கும். ஒன்றை இழுத்தால் நாலு வரும். நீரில் ஊறிய சேலை என்ன கனம் என்று எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மூன்று பேர் சேர்ந்து இழுத்துக் கரையில் போடுவோம்.

அதற்கு முந்தின வருஷம் அப்பா தவறிவிட்டார். நாங்களும் அங்கேதான் காரியம் செய்தோம். அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையை அம்மா சொல்லி நானே ஆற்றில் விட்டேன். அன்றைக்கு ஒவ்வொரு சட்டை கைக்கு வரும்போதும் சேற்றைக் கழுவி, கட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். கூட இருந்தவள் "என்னடி துவைக்கியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மதியம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்த வருஷத் திதிக்குத் துணி கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.


ஓய்வுபெற்ற ஆசிரியர்:

27 வருஷம் சாரண ஆசிரியராக இருந்தவன். என் சொந்தக் கதை சின்னது. 1992 நவம்பர் வெள்ளத்தில், குறுக்குத்துறை முருகன் கோயில் முழுகிக் கிடந்த நேரம், நிவாரண வேலைக்கு வருகிறோம் என்று என் பையன்கள் ஆறு பேர் சீருடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் பயந்து திருப்பி அனுப்பிவிட்டேன். அவர்கள் தலைகுனிந்து திரும்பிப் போனது மறக்கவில்லை.

ரயிலில் வந்த தம்பிக்கு: புதுக்குடி மக்களைக் கும்பிடுகிறேன். ஆனால் சீருடையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் போட்டபோது சேர்த்தது சுமார் 20 பையன்கள். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து ஒரே கூடாரத்தில் படுக்க வைத்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாது, அதற்குத்தான் சீருடை. நம் நாட்டில் ஆரம்பத்தில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டோம் என்றார்கள். 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒன்றைத் தொடங்கினார், தலைப்பாகை கட்டிய சாரணர்கள். 1950 நவம்பர் 7-ந் தேதி சாரணர் அமைப்புகள் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் ஆனது. அணிவகுப்பில் வெயிலில் நிறுத்துவதோடு விட்டுவிடுகிற பள்ளிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அது எங்களைப் போன்றவர்களின் தப்பு. மணப்பாறையில் 2025 ஜனவரி கடைசியில் நடந்த ஜாம்போரியை, சாரணர் பெருமுகாமை, போய்ப் பார்த்தேன், பிள்ளைகள் அவர்களாகவே கூடாரம் அடித்து, சமைத்து, இடத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

சிந்துபூந்துறைத் தம்பிக்கு: உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பையன் போட்டது போலைன் முடிச்சு. சாரணர்களுக்குப் படிப்படியாக வைக்கிற சோபான் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்போம். எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது, அதனால்தான் ஆளைத் தூக்க அதைப் போடுவது. அதை நாங்கள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வோம். கயிற்றில் ஒரு சின்ன வளையம் போட்டால் அது குழி. நீளமாக நிற்கிற கயிறு மரம். நுனி முயல். முயல் குழியை விட்டு மேலே வருகிறது, மரத்தைச் சுற்றுகிறது, திரும்பக் குழிக்குள் போகிறது. இழுத்தால் முடிச்சு. பதற்றத்தில் கை மறந்தாலும் வாய் மறக்காது, அதற்குத்தான் கதை. அவன் விளையாடவில்லை தம்பி.

இன்னும் இரண்டு விஷயம், அடுத்த மழைக்கு உதவும். ஓடுகிற தண்ணீரில் ஆளைக் கயிற்றில் கட்டினால் மறுமுனையைத் தூணில் கட்டக் கூடாது. கால் வழுக்கினால் கயிறு இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் அவரை அமுக்கிவிடும். இரண்டு பேர் கையிலேயே பிடித்து, தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம், இரண்டு கயிற்றை ஒட்டுப் போட ரீஃப் முடிச்சு போடாதீர்கள். அது கட்டுத்துணி கட்டத்தான், ஆள் பாரத்துக்கு நழுவிவிடும்.


செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணி:

ஐயா, தலைப்பாகைச் சாரணர்கள் விஷயம் எனக்குத் தெரியாது. சான்றிதழ் என்று நான் எழுதியதை எடுத்துவிடுகிறேன். பானை விஷயத்தை எடுக்க மாட்டேன்.


சிந்துபூந்துறைக்காரன்:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதாம்லா, மரத்தைச் சுத்துதுன்னு சொன்னான், எனக்குக் கேட்டுச்சு" என்றாள். கயிற்றுக்குள் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. மாடியில் ஏறினதும் அவன்தான் அவிழ்த்தானாம், முடிச்சை லேசாக மடக்கினதும் கழன்று வந்துவிட்டதாம். கக்கத்தில் ஒரு சிராய்ப்பு இல்லை.

கயிற்றின் மறுமுனையை நாங்கள் ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தோம். அதை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது.

லாரி அண்ணன் மூலமாக அந்தக் குடும்பத்தின் நம்பர் கேட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி கொடிக்கயிற்றை எடுத்துக் கட்டில் காலில் போட்டுப் பார்த்தேன். முயல் முதலில் தப்பான பக்கம் சுற்றியது, அப்புறம் குழிக்குள் போகவே மறந்துவிட்டேன். ஐந்தாவது தடவைதான் முடிச்சு நின்றது. அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ள தண்ணிக்குள்ள நின்னு ரெண்டாவது தடவையே போட்டுட்டாம்லா" என்றாள்.