வெனிஸில் வழியும் படகும்: மறக்க முடியாத ஒரு சந்திப்பு

கரிசல்காரன்:
சாந்தா லூச்சியா ரயில் நிலையம், வெளியே வந்தால் இடப்பக்கம் ஸ்கால்சி பாலம். அம்மாவுக்கு மூட்டுவலி, அவர் கையை நான் பிடித்திருந்தேன். அதற்குள் ஒருவன் கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் படியில் ஏறிவிட்டான். அந்தப் பக்கம் இறக்கியதும் இருபது யூரோ வேண்டுமாம். "கொடுத்துத் தொலைப்பா" என்றார் அம்மா. அப்போது காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்துக்கு நேரே நின்று கத்தினார் பாருங்கள், படியில் போனவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவன் நழுவினான். நான் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் பாட்டியையும் காணோம். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீலத்துறை:
மூட்டுவலிக்காரரை ஏன் பாலம் ஏற்ற வேண்டும்? நிலைய வாசலிலேயே வப்பொரெட்டோ துறை, அதாவது பஸ் மாதிரி ஓடும் பயணிகள் படகின் துறை இருக்கிறதே. 1ஆம் எண் படகு ஊரின் நடுவே ஓடும் கிராண்ட் கால்வாயில் இரு கரையிலும் மாறி மாறி நிற்கும். அவசரமென்றால் 2ஆம் எண். சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். பல தடவை ஏறுவதாக இருந்தால் நாள் பாஸ் வாங்குங்கள், அதுதான் லாபம். ஏறும் முன் துறையிலுள்ள கருவியில் சீட்டைக் காட்டியே ஆக வேண்டும். என் எதிரே ஒரு பெண் கருவியில் காட்டாத புதுச் சீட்டை உயர்த்தி உயர்த்திக் காட்டியும் அபராதம் போட்டார்கள். அவள் அழுதது கண்ணிலேயே நிற்கிறது.

தெற்குவாசல்:
நீலத்துறை, நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு தடவைக்கே 38 யூரோ ஆகிறது. வெனிஸ் நடக்கிற ஊர். வீட்டு எண்தான் சிக்கல். ஊரில் ஆறு பகுதிகள், எண் தெருவாரியாகப் போகாது, பகுதி முழுக்க ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் ஓடும். அதில் ஒரு பகுதியான கன்னரேஜோவில் இரவு, எங்கள் சந்து நேரே தண்ணீரில் போய் முடிந்தது. மேல் ஜன்னலிலிருந்து ஒருவர், "எந்தத் தேவாலயம் பக்கம்?" என்று கேட்டார். சொன்னதும் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து, வாசல்வரை கூட்டிப்போய் விட்டார். தங்குமிடத்தில் முகவரியோடு பக்கத்துத் தேவாலயத்தின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கால்:
கரிசல், கிராண்ட் கால்வாய்க்கு மொத்தமே நாலு பாலம்தான். அடுத்த தடவை அம்மாவை ரியால்டோ மீன்சந்தைக்குக் கூட்டிப்போனால், சாந்தா சோஃபியா துறையில் திராகெட்டோ ஏறுங்கள், கால்வாயைக் கடக்க மட்டும் ஓடும் துடுப்புப் படகு அது. இரண்டு யூரோவுக்கு அக்கரை சேர்ந்துவிடலாம். இரவில் கிடையாது.

கரிசல்காரன்:
ஏறி இறங்கும்போது கை கொடுப்பார்களா?

மழைக்கால்:
படகோட்டிகள் இருவர் இருப்பார்கள். அதில் ஒருவர் என் அப்பாவை முழங்கையோடு பிடித்து, உட்கார வைத்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார்.