டர்ன்கீக்கு ‘ஒற்றைப்பொறுப்பு ஒப்பந்தம்’

வணக்கம் அக்கா,

வடிவமைப்பு முதல் கட்டி முடித்து ஒப்படைப்பது வரை ஒருவரே பொறுப்பேற்பது டர்ன்கீ (turnkey) ஒப்பந்தம். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் கலைச்சொல் குழுவில் நீங்கள் தந்த ‘சாவி ஒப்பந்தம்’ எனக்கு ஒப்பவில்லை. நெல் பால் பிடிக்காமல் பதராகிவிட்டால் எங்கள் மீஞ்சூர் வீட்டில் ‘சாவியாப் போச்சு’ என்பார்கள். ஒருவரைத் தூண்டிவிடுவதும் ‘சாவி கொடுப்பது’தான். பல கோடி ரூபாய் வேலைக்கு இந்தப் பெயர் வேண்டாம்.

நம் பொதுப்பணி வழக்கத்தில் ஆலோசகர் வடிவமைத்துக் கட்டுமானப் படம் போடுவார். ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை சொன்னவர் கட்டுவார். எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் முடிந்த வேலையின் அளவெழுதிப் பில் போடுவார்கள். டர்ன்கீயில் படமும் கட்டுமானமும் ஒருவர் பொறுப்பில். அதன் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எண்ணூரில் ஒரு கிடங்கு வேலையில் சைட் இன்ஜினியராக இருந்தேன். படத்தில் பைல் (அடித்தளத்துக்காக மண்ணில் இறக்கும் கான்கிரீட் தூண்) ஆழம் 18 மீட்டர். அந்த ஆழத்திலும் ரிக் என்னும் துளையிடும் இயந்திரம் அள்ளி வந்தது கறுத்த களிமண். கையில் பிடித்தால் வெண்ணெய்போல விரலிடுக்கில் வழிந்தது. ‘படத்தில் உள்ளதைத்தான் போடுவேன்’ என்றார் காண்ட்ராக்டர். ‘மண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டியது காண்ட்ராக்டர்’ என்று எழுதினார் ஆலோசகர். கடிதம் போய்க் கடிதம் வர ஐந்து வாரம். தோண்டிய குழியை மண் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தோம். ரிக் வாடகை ஏறிக்கொண்டே போனது. உரிமையாளர் தினமும் வந்து கேட்டது ஒன்றுதான்: ‘இதுக்கு யார் பொறுப்பு?’

நமக்கு வேண்டிய சொல் அந்தக் கேள்வியிலேயே கிடக்கிறது. ஒற்றைப்பொறுப்பு ஒப்பந்தம், எடுப்பவர் ஒற்றைப்பொறுப்பாளர்.

குழுவில் வந்த ‘முழு ஒப்பந்தம்’ சரிவராது. வீடு கட்டுவோர் வாயில் ஃபுல் காண்ட்ராக்ட் என்றால் கூலியும் பொருளும் சேர்ந்தது. பிளான் அப்போதும் வீட்டுக்காரருடையதாகவே இருக்கலாம். ‘ஏக ஒப்பந்தம்’ ஏகபோகத்தை நினைவூட்டுகிறது. ஏகபோகம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் நியாயமும் உண்டு: வடிவமைப்புப் பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு ஒப்பந்ததாரர்கள் இம்முறையில் உள்ஒப்பந்தம் எடுத்தே பிழைக்க வேண்டியிருக்கும். வேலை பல கைகளில்தான் நடக்கும், பொறுப்பு மட்டுமே ஒன்று. ஆகவே ‘ஒற்றை ஒப்பந்ததாரர் முறை’ என்றும் சொல்லக்கூடாது.

ஒரு வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும். ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக் 1999-இல் வெளியிட்ட மஞ்சள் அட்டை மாதிரி ஒப்பந்தத்தில் வடிவமைப்பு ஒப்பந்ததாரருடையது. வெள்ளி அட்டையில், எதிர்பாராத மண் உட்படப் பெரும்பாலான இடர்களும் அவர் தலையில். வெள்ளிக்கே நம் சொல். மஞ்சளுக்கு ‘வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தம்’ போதும். காட்டுப்பள்ளியில் 2010-இல் ஓடத் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை இன்னும் நீண்டது: வடிவமைத்து, கட்டி, உடைமையாக வைத்து நடத்தி, பிறகு ஒப்படைப்பது. அதற்கு ‘நடத்தி ஒப்படைக்கும்’ என்ற அடையை முன்னால் சேர்க்கலாம்.

நேற்றுக் கொடுங்கையூரில் ஒரு மேஸ்திரியிடம் விளக்கம் எதுவும் தராமல் சொல்லைமட்டும் சொன்னேன். ‘அப்போ தப்பாச்சுன்னா அவரு ஒருத்தரையே புடிச்சிக்கலாம், அதானே?’ என்றார்.