புதுப்பிப்பு: சுழியோடும் கருவிகளுக்குச் சில்லுப் பெட்டி

மலைநகரான நுவரெலியாவிலிருந்து நிலாவெளிக் கடற்கரைக்குச் சுழியோடும் கருவிகளை எதில் கொண்டுபோவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டும், சில்லு வைத்த கருவிப் பெட்டி (டூல் பொக்ஸ்) வாங்கச் சொன்னவரின் யோசனையே வென்றது.

ஈயக் கட்டிகளையும் துடுப்புக் காலணிகளையும் கீழ்ப்பெட்டியில், சில்லுப் பக்கமாக அடுக்கினேன். அடியில் நான்கு துளைகள் போட்டதால் உப்புநீர் வடிந்துவிடுகிறது. நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் சுழியோடும் கணினியும் ரப்பர் விளிம்புள்ள மேல்பெட்டியில். சில்லுகள் தார்த் தெருவில் நன்றாக ஓடின; மணலில் அசையவே இல்லை, தூக்கித்தான் போனோம்.

எதிர்பாராதது ஒன்று. கடற்கரையில் மேல்பெட்டி திறக்கவே மறுத்தது! கொளுக்கி பழுது என்று பெட்டியைத் திட்டினேன், பாவம். நுவரெலியாவில், சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இறுக மூடிய பெட்டி அது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே இறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ரப்பர் விளிம்பை மெல்லிய கரண்டிக் காம்பால் நெம்பியதும் "புஸ்" என்று திறந்தது. இப்போது ஒரு கொளுக்கியைத் தளர்த்தியே மலையிறங்குகிறேன்.

நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன சுழியோடும் உடையை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். எங்கள் ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்தது. திரும்பும்போது, சுழியோடும்போது உடலில் தங்கிய நைதரசன், மலையின் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகாமல் முன்பே வெளியேற, கடைசிச் சுழியோட்டத்துக்குப் பின் ஒரு முழு நாள் கழித்தே மலையேறினேன்.